நாலு சக்கரக் குசினிக்கு என்ன வரி?

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாசமா பேப்பர்ல ஒங்க பத்தியில சிரிப்பே இல்லீங்களே... ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. என் தங்கை வீட்டுக்காரர் ஒரு குசினி வாங்கினார், அதற்கு வரி கட்டும் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன் என்றேன்.

"சோறாக்குற குசினிக்கு எதுக்குங்க வரி?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கொட்டகலை பஸ் வந்துவிட்டது. மனிதர் தொற்றிக்கொண்டு போய்விட்டார். பாதிச் சந்தேகத்தோடு போனவர், இதைப் படித்தாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

யோகராஜ் என் தங்கை புஷ்பத்தின் கணவர். அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். கொட்டகலையிலிருந்து ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறார்கள். பல வருடங்களாக ஒரு த்ரீவீலர் வைத்து டிவிஷன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கி வந்தார்.

ஏற்றி இறக்கினார் என்பது பாதி உண்மைதான். மலைப்பாதையில் மூன்றாவது முடக்கு வளைவுக்கு மேல் த்ரீவீலர் ஏறாது. அங்கே பாதை என்று சொல்லப்படுவது கல்லும் ஓடையும் மாறி மாறிக் கிடக்கிற ஓர் ஏற்பாடு. பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து முடக்கு வரை நடந்து இறங்கி வர வேண்டும். மழை நாளில் வெள்ளைச் சீருடையோடு புறப்படுகிறவர்கள், முடக்குக்கு வரும்போது வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல இருப்பார்கள். அவர்களில் கடைக்குட்டி தர்ஷிகா முதலாம் வகுப்பு. ஒரு நாள் அட்டை கடித்த காலோடு வகுப்பில் போய் உட்கார, இரத்தத்தைப் பார்த்து டீச்சர் மயங்கி விழுந்தார்.

அன்றைக்குத்தான் யோகராஜ் முடிவெடுத்தார். த்ரீவீலரை விற்றார். லயத்து வாசல் வரைக்கும் ஏறுகிற ஒரு வண்டி வாங்குவதென்று கிளம்பினார்.

இந்த நாட்டில் வண்டி வாங்குவதென்றால் சும்மாவா? வெளிநாட்டிலிருந்து வருகிற வண்டிக்கு வண்டியின் விலையைவிட வரி பெரிதாக இருக்கிறது. வரியைத்தான் வாங்குகிறோம், வண்டியை இனாமாகத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல். யோகராஜுக்கு அந்த ஆறுதலுக்கும் வசதியில்லை. ஆகவே ஏலத்துக்குப் போனார். இராணுவ முகாம் ஒன்றில் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு நீள ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். சுவரில் ஏறச் சொன்னாலும் ஏறும்.

பச்சை நிறத்தோடு ஊருக்குள் ஓட்டக்கூடாது என்றார்கள். பெயின்ட் கடையில் ஒரு நிறம் மட்டும் பாதி விலைக்குக் கிடைத்தது. ரோஸ். அது ஏன் பாதி விலை என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. முழு ஜீப்பும் ரோஸ் ஆனது. தோட்டத்து ரோதைமுனிச் சாமிக்குப் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலையும் கழுத்துமாக வண்டியை நுவரெலியாவுக்கு அனுமதி எடுக்கக் கொண்டுபோனோம். முன் கண்ணாடியில் ஒட்டுகிற அந்தச் சின்னப் பத்திரம் கிடைத்தால்தான் வண்டி ரோட்டில் ஓடலாம். அதற்குத்தான் இத்தனை பாடு.

ஹட்டனில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு எந்தப் படிவம் என்று எனக்குத் தெரியும். அந்தத் திமிரில்தான் நானும் கூடப் போனேன்.

கவுண்டரில் இருந்த அம்மணி கடதாசியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். மறுபடி கடதாசியைப் பார்த்தார்.

"அடுப்பு எங்கே?"

"எந்த அடுப்பு?" என்றேன் நான்.

கடதாசியைத் திருப்பிக் காட்டினார். வாகனத்தின் வகை என்ற இடத்தில் தெளிவாக எழுதியிருந்தது — நடமாடும் சமையலறை.

யோகராஜ் என் காதருகே வந்தார். "மச்சான், உள்ளுக்க ஒரு அடுப்பு இருக்குதான். சாமான் வைக்க நாலு தட்டு, ஒரு பொகக்குழாய் ஓட்டையும் இருக்கு. ஆமிக்காரங்க பொழுதுபோக்குக்கு வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

பொழுதுபோக்குக்கு!

அம்மணி பொறுமையாக விளக்கினார். அந்த ஏலத்தில் ஆள் ஏற்றுகிற சாதாரண வண்டிகளுக்கு எல்லா வரியும் ஏலத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் இது விசேட தேவைக்கென்று வரியில்லாமல் நாட்டுக்குள் வந்த வண்டி. சமையலறையாகவே இருக்கும்வரை அந்த வரி தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டும் வண்டியாக மாற்றினால், அன்றைக்கே எழுந்து உட்காரும்.

"எவ்வளவுங்க?" என்றார் யோகராஜ்.

அம்மணி ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். யோகராஜ் அதைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பருக்கு எத்தனை மணிக்கு கோல் எடுக்கணும்?" என்று கேட்டார்.

அது தொலைபேசி எண் இல்லை என்று நான்தான் சொன்னேன்.  திரும்பி வரும் வழியில் நானுஓயாவுக்கு அப்பால் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "புள்ளைங்களுக்கு அடுத்த தவணையில இருந்து வாசலுக்கே வர்றேன்னு சொல்லிட்டேன் மச்சான்" என்றார்.  அடுத்த தவணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. த்ரீவீலரும் கையில் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் என் மூளையை உபயோகித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பத்தி எழுதுகிறவனுக்கு மனு எழுத வரும் என்று மலைநாடு முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு எழுதியிருக்கிறேன். லைட் கம்பத்துக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு பேருக்கு இடமாற்றம் கேட்டு எழுதி, இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே ஓய்வு பெற்றார்கள். என் மனுவால் இதுவரை எதுவும் நடந்ததில்லை. அதனால் கெடுதலும் நடந்ததில்லை. ஆனால் இந்த முறை நான் எழுதிய மனு அபாரம். எனக்கே படித்துப் படித்து மாளவில்லை. 'மேற்படி வாகனம் பிறந்த நாள் தொட்டு ஒரு வேளைச் சோறும் அறியாதது. பதிவேட்டில் நேர்ந்த கைப்பிசகினால் அதன் மீது சமையலறை என்னும் பழி விழுந்துள்ளது' — இப்படிப் போகும் அது. சிங்களத்தில் எழுதியபோதுகூட அந்தப் பழி அழகாகவே வந்தது.

அதாவது, பொய். சுத்தமான பொய். அன்றைக்கு நான் அதை உத்தி என்று அழைத்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், மனு வேலை செய்தது! வண்டியை நேரில் வந்து பார்க்க ஒரு பரிசோதகரை அனுப்புவதாகக் கடிதம் வந்தது.

நானும் யோகராஜும் குசினியை ஒழிக்க ஆரம்பித்தோம். அடுப்பைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குள் தள்ளி மேலே சாக்குப் போட்டோம். தட்டுகளைப் பிடுங்கி பெஞ்சு அடித்தோம். புகைக்குழாய் ஓட்டையில் தகரம் வைத்து அடைத்தோம். அண்டா, கரண்டி, கேத்தல் என்று வண்டியோடு வந்த சாமான்களை வீட்டில் ஒரு மூலையில் குவித்துவிட்டு மறந்துபோனோம். பெரிய வேலை வாசனைதான். எத்தனையோ வருடத்துப் பருப்புக் கறி அந்தத் தகரத்துக்குள் ஊறிப்போயிருந்தது. மூன்று நாள் விடாமல் சாம்பிராணி போட்டோம். பருப்பும் சாம்பிராணியும் சேர்ந்து, கடைசியில் வண்டி கோயில் மடப்பள்ளி மாதிரி மணத்தது. அதுவும் ஒரு குசினிதானே என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் செய்யவில்லை. புஷ்பத்திடம் எதையும் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு இந்த வரி விவகாரமெல்லாம் என்று இரண்டு அறிவாளிகளும் முடிவு செய்திருந்தோம்.

பரிசோதகர் வந்த நாளில் நல்ல மழை. மூன்றாவது முடக்கிலேயே அவர் வந்த வாகனம் நின்றுவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஏறி வந்தார். மெலிந்த மனிதர். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். கணுக்காலில் ஓர் அட்டை இரத்தம் குடித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பொதுவாக அரசாங்கத்தில் யாரையும் எனக்குப் பார்த்ததும் பிடிப்பதில்லை. இவரைப் பிடித்துவிட்டது.

ரோஸ் நிறத்தைக் கண்டு ஒரு கணம் நின்றார். பிறகு சிங்களத்தில் கேள்விகள். நான் சிங்களத்தில் பதில். எஞ்சின் இலக்கம், அடிச்சட்டத்து இலக்கம் எல்லாம் சரி. உள்ளே ஏறி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மேலே அண்ணாந்து, தகரத்தைத் தட்டிக் காட்டி, இது என்னவென்று கேட்டார்.

"காத்தோட்டம்" என்றார் யோகராஜ், தமக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"மூடியிருக்கிறதே?"

"குளிரு சார். மூடிட்டோம்."

மூக்கை உறிஞ்சினார்.  இறங்கினார். படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். வாகனத்தின் வகை என்ற இடத்துக்குப் பேனா போய்க்கொண்டிருந்தது.

அப்போது தேத்தண்ணி வந்தது.

வாசகர்களுக்குத் தெரியும். நம்ம லயத்துக்கு ஒருவர் மழையில் நனைந்துகொண்டு வந்தால், அவர் யாராக இருந்தாலும், வெறும் வாயோடு திருப்பி அனுப்புகிற வழக்கம் நமக்குக் கிடையாது. கடன் கேட்டு வருகிறவனுக்கே முதலில் பிளேன்டிதான், பிறகுதான் இல்லை என்று சொல்வோம். ஓர் ஐயா நுவரெலியாவிலிருந்து வந்து ஒரு மணி நேரமாகக் குளிரில் நிற்கிறார், வேடிக்கை பார்க்க லயமே வெளியே வந்து நிற்கிறது... அத்தனை பேருக்கும் ஊற்ற வீட்டிலுள்ள சின்னக் கேத்தல் காணுமா?

புஷ்பம் பெரிய கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கேத்தல். ஐயா வருகிறார் என்று சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்திருந்தாள். அது தகதகவென்று மின்னியது. கரி போனதால், அதன் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த இலக்கம் நேற்று எழுதியது போலப் பளிச்சென்று தெரிந்தது. வண்டியின் பழைய இராணுவ இலக்கம். அதற்குக் கீழே சிங்களத்தில் ஒரே ஒரு சொல் — சமையலறை.

பரிசோதகர் தம்ளரை வாங்கினார். கேத்தலைப் பார்த்தார். கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்தார்.

பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருந்திருக்கலாம். "கேத்தலு புதுசா புஷ்பம்?" என்றார்.

"இது வண்டியோட வந்தது அக்கா!" புஷ்பத்துக்கு முகமெல்லாம் பெருமை. "அண்டா, கரண்டி எல்லாம் இருக்கு. அடுப்பு மட்டும் இந்த மனுசன் கோழிக்கூட்டுல தூக்கிப் போட்டுட்டாரு. அது இருந்தா அரை மணியில லயத்துக்கே சோறு ஆக்கிரலாம்."

 அப்போதும் எனக்கு ஒரு தைரியம். இவ்வளவு நேரமும் மனிதர் சிங்களம் தவிர ஒரு சொல் பேசவில்லையே! அவர் பக்கம் சிரித்த முகத்தைத் திருப்பிக்கொண்டு, தமிழில் சொன்னேன். "புஷ்பம், வாய மூடு. ஐயாவுக்குத் தமிழ் வெளங்கல, தப்பிச்சோம். கேத்தல உள்ள கொண்டு போ."

பரிசோதகர் ஒரு மிடறு குடித்தார்.

"வெளங்குதுங்க" என்றார். "நான் வலப்பனையில தோட்டத்துக்குப் பக்கத்துல வளந்தவன். அந்த அடுப்பையும் கொண்டாங்களேன், பாப்போம்."

என்னைவிட நல்ல மலையகத் தமிழ். அதுதான் இன்னும் வலித்தது.

அடுப்பு வந்தது. இரண்டு கோழிகளும் கூட வந்தன. பெஞ்சைத் தள்ளிவிட்டு, அடுப்பைப் பழைய துளைகளில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தியது. தகரத்தைக் கழற்றினால் புகைக்குழாயும் நேராக வெளியே போனது. கேத்தலை அதன் மேல் வைத்துப் பார்த்த பரிசோதகரின் முகத்தில், தொலைந்த சாமான் கிடைத்துவிட்டதென்ற சந்தோஷம்.

"இது குசினி" என்றார். "நல்ல குசினி."

யோகராஜ் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் புஷ்பத்துக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று உறைத்தது. என்னவென்று கேட்டாள். வேறு வழியில்லாமல், மனு முதல் சாம்பிராணி வரைக்கும் எல்லாவற்றையும் லயத்துக்கு முன்னால் ஒப்பித்தேன். அவள் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, பொய் எழுதத்தான் ஒனக்குப் பேப்பர்ல எடம் குடுத்திருக்காங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனையோ வாரம் இந்த இடத்தில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.  கணவனையும் ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நேரே பரிசோதகரிடம் போனாள்.

"ஐயா, இந்தக் குசினி ரோட்டுல போகலாமுங்களா?"

"தாராளமா போகலாம்."

"அதுக்கு வரி?"

"குசினியாவே இருந்தா பெருசா ஒன்னும் இல்ல."

"குசினிக்குள்ள ஆள் ஒக்காரலாமா?"

அவர் கடதாசியைப் புரட்டினார். "பின்னுக்குப் பத்துப் பேர் ஒக்காரலாம்னு போட்டிருக்கு. ஆனா வாடகை வாங்கக் கூடாது. ஒரு சதமும் வாங்கக் கூடாது."

"சோறு, ரொட்டி விக்கலாமா?"

"குசினி வேற எதுக்குங்க?" என்றார் அவர். "சுகாதாரப் பரிசோதகர்கிட்ட ஒரு கடதாசி எடுத்துக்கங்க."

புஷ்பம் லயத்துப் பக்கம் திரும்பினாள். டிவிஷனில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எட்டுப் பேர். எட்டுத் தாய்மாரும் அங்கேதான் நின்றார்கள்.

"காலையில நாலரைக்கு எந்திரிச்சி புள்ளைக்கு ரொட்டி சுடுறீங்கல்ல? இனிமே நீங்க சுட வேணாம். நான் சுடுறேன். எங்கிட்ட வாங்குங்க. ரொட்டி வாங்குற புள்ளைய நான் நடக்க விட மாட்டேன். அதுக்குக் காசும் கேக்க மாட்டேன்."

 தர்ஷிகாவின் அம்மா, "ரொட்டிக்குத் தொட்டுக்க கட்டச்சம்பலா, தேங்காச் சம்பலா?" என்று கேட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பரிசோதகர் இந்தப் பேச்சு நடக்கும்போது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு படிவத்தில் சமையலறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகுதான் குனிந்து அட்டையைப் பிய்த்தெறிந்தார். அதுவரை தெரியாமலா இருந்தது, அல்லது நனைந்து வந்ததற்குச் சாட்சியாக வைத்திருந்தாரா — கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

நான் யோசித்துப் பார்க்கிறேன். வரி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஏன் புத்தி குறுக்கே ஓடுகிறது? உள்ளதை உள்ளபடி சொல்லி, 'ஐயா, இதை என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தால் முதல் நாளே அந்தக் கவுண்டர் அம்மணியே வழி சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கேட்பது நமக்குக் கௌரவக் குறைச்சல். பொய் சொன்னால் கெட்டிக்காரர்கள். மூன்று நாள் சாம்பிராணி போட்ட கெட்டிக்காரர்கள்!

தவணை தொடங்கிய திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். பிராயச்சித்தமாக மாவு பிசையும் வேலை எனக்கு. எட்டுப் பிள்ளைகளும் லயத்து வாசலிலேயே ஏறினார்கள். ஒரு கால் நனையவில்லை. வெள்ளைச் சீருடை வெள்ளையாகவே இருந்தது. மூன்றாவது முடக்கை ரோஸ் ஜீப் கடந்தபோது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யோகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். ரொட்டி சுட்டு முடித்து அடுப்பை அணைத்து அரை மணி நேரமாகியிருந்தது.

கொட்டகலைக்குக் கிட்ட பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். அனுமதிப் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். எட்டுப் பிள்ளைகள், எட்டு வாய், எட்டு ரொட்டி.

"இது குசினியா? ஸ்கூல் வேனா?"

 நான் வாயைத் திறக்கப் போனேன். புஷ்பம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"குசினி சார்" என்றாள் அவள். "வாடகை வாங்குறதில்ல. ரொட்டி விக்கிறோம். புள்ளைங்க சும்மா வருது."

பொலிஸ்காரர் பிள்ளைகளைப் பார்த்தார். தர்ஷிகா தன் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார். சட்டைப் பையில் கைவிட்டு, "எனக்கும் ஒன்னு குடுங்க" என்றார். புஷ்பம் காசு வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. விலையைக் கேட்டு, எண்ணிக் கொடுத்து, மிச்சமும் வாங்கிக்கொண்டுதான் வழிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் யோகராஜ் மெதுவாகக் கேட்டார். "மச்சான், இப்ப நாம நெசமாவே குசினி ஆயிட்டோமா?"

ஆமாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை — விற்பனைக்கென்றும் தனியாக ஒரு வரி இருக்கிறதாமே!